மூளையின் ஓய்வும் உயிரின் ஒடுக்கமும்

சித்தாந்த பாடங் கேட்க வரும் அன்பர் இருவர் அண்மையில் எம்மிடத்து ஒரு வழக்கினைக் கொணர்ந்தனர். ஒருவர், "ஐயா, மூளையின் நடுப்பகுதிகள் சில வேலை குறைந்தால் 'நான்' என்னும் உணர்வு தேய்கின்றதாம், அதனையே நம் முன்னோர் சிவாநுபவம் என்று மயங்கினர் போலும்" என்றார். மற்றவர், "அற்றன்று, முன்னோர் மொழிந்ததனை மேனாட்டார் கருவி கொண்டு மெய்ப்பித்துவிட்டனர், இனி நாத்திகர்க்கு வாயில்லை" என்றார். இருவரும் படித்தது ஒரே செய்தியை. ஒருவர் அதனாற் பூசையை விடுத்தற்கும், மற்றவர் அதனையே பூசையாகக் கொள்ளுதற்கும் ஒருப்பட்டு நின்றனர். இரண்டும் தகாவென்பது எமது துணிபு. அதனை வலியுறுத்துவதற்கு முன், விஞ்ஞானிகள் உண்மையிற் கண்டதென்ன என்பதனைக் கூட்டாமலும் குறையாமலும் எடுத்துரைத்தல் கடனாதலின், அதனையே முதற்கண் கூறுதும்.

ஜெர்மனி நாட்டு யேனா நகரத்தில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர் என்பார் 1924ஆம் ஆண்டில் மனிதனது தலையின்மேல் மின்வாய்களைப் பொருத்தி, மூளையினின்றும் எழும் நுண்ணிய மின்னலைகளை முதன்முதல் வரைந்தெடுத்தார். ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்து 1929இல் வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாயிருப்பவனிடத்து நொடிக்கு ஏறத்தாழப் பத்து என்னுங் கணக்கில் பெரிய அலைகள் ஒழுங்காக எழுந்தன. அவன் கண்களைத் திறந்தாலும், அவனுக்குக் கணக்கொன்றைக் கொடுத்தாலும், அவ்வலைகள் தேய்ந்து, சிறியனவும் விரைந்தனவுமாகிய வேறு அலைகள் தோன்றின. எவ்வாற்றானும் அலை அறவே நின்றிலது. வேலையின்றிக் கிடக்கும் மூளையும் வேலை செய்துகொண்டேயிருக்கின்றது என்பதற்கு இதுவே முதற் சான்று.

இப்பெர்கர் இத்துறையிற் புகுந்த வரலாறு சுவையுடையது. இளமையிற் படைப்பயிற்சி பெறுங்கால் குதிரையினின்றும் வீழ்ந்து, பீரங்கி வண்டியின் உருளைக்கு மிக அணித்தாகக் கிடந்து உயிர் தப்பினார். அன்றே தொலைவிலிருந்த தந்தையாரிடமிருந்து நலம் வினவித் தந்தி வந்தது. உடன்பிறந்த மங்கை இவருக்கு ஏதோ இடர் நேர்ந்ததென்று உள்ளங் கலங்கி, தந்தையாரை வற்புறுத்தி அத்தந்தியை விடுப்பித்தனள். ஓருள்ளத்தினின்றும் மற்றோருள்ளத்துக்குச் செல்லும் ஆற்றல் யாது என்று காணும் வேட்கையே இவரை மூளையாராய்ச்சிக்கு உய்த்தது. தேடியது உள்ளத்தின் ஆற்றல். கிடைத்தது மூளையின் மின்னலை. இவ்வேறுபாட்டை நேயர்கள் உளங்கொள்க. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

மூளையின் எடை உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவினது. அது செலவிடும் ஆற்றலோ உடலின் முழுச்செலவில் நூற்றுக்கு 20 பங்கு. ஏதேனும் ஒரு கடினமான செயலில் ஈடுபடும்பொழுது அச்செலவு மிகுமெனவே எவரும் எண்ணுவர். 1955ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லூயி சோகலாஃப் என்பாரும் துணைவரும் மனக்கணக்கிடுவாரது மூளையைச் சோதித்தபொழுது, மூளை முழுதும் கொள்ளும் உயிர்வளியின் அளவு கணக்கிடுங்காலத்து மிகக் காணவில்லை. பிற்காலத்து நுட்பக் கருவிகளும், ஒரு குறித்த வேலையாற் கூடும் செலவு நூற்றுக்கு 5 பங்குக்குங் குறைவே எனக் காட்டின. வீட்டில் விருந்தினர் வந்தாலும் வாராவிட்டாலும் அடுப்பங்கரையில் விறகு ஏறத்தாழ ஒரே அளவிற் செலவாகின்றதெனின், விருந்தில்லாத நாளில் அங்கே சமைப்பது என்ன என்று வினவுதல் முறையன்றோ?

அவ்வினாவுக்கு விடை தற்செயலாகவே கிடைத்தது. மூளையைப் படம் பிடிக்குங் கருவிகள் வந்தபின், ஆய்வாளர் ஒருவனைப் படிக்கச் சொல்லியும், பார்க்கச் சொல்லியும், எந்தெந்த இடத்திற் குருதியோட்டம் மிகுகின்றதெனக் கண்டனர். மிகுதியை அறிதற்கு ஒப்புநோக்க ஒரு வெறுநிலை வேண்டுமாதலின், கண்ணை மூடிக் கிடக்கவோ ஒரு சிலுவைக் குறியை வெறிதே நோக்கவோ செய்து அந்நிலையையும் படமெடுத்தனர். அவ்வெறுநிலைப் படங்களை யாரும் பொருட்படுத்தவில்லை. 1997இல் செயிண்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பல சோதனைகளை ஒருங்கு சேர்த்து நோக்கியபொழுது ஒரு புதுமை புலனாயிற்று. எவ்வகை வேலை கொடுத்தாலும் மூளையின் சில இடங்கள் தவறாது தொழில் குறைந்தன. வேலை நீங்கியவுடன் அவையே மீண்டும் ஓங்கின. 2001ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்து மார்க்கஸ் ரெய்க்கில் என்பாரும் துணைவரும் இதனை மூளையின் இயல்புநிலை என்று பெயரிட்டு எழுதினர். நெற்றிக்குப் பின்னுள்ள நடுப்பகுதி, பின்மூளையின் உட்பகுதி, காதுக்கு மேற்பின்னாகிய பகுதி என்னும் இவ்விடங்கள் ஒன்றோடொன்று இசைந்து ஏறியிறங்குதலின், இவற்றை இயல்புநிலை வலையென்பர்.

அவ்வலை செய்யும் தொழில் யாது? தன் பழைய நாட்களை நினைத்தல், நாளை நிகழ்வதை முன்னே வரைந்து பார்த்தல், பிறர் தன்னைப்பற்றி யாது எண்ணுவர் என எண்ணுதல், இது எனக்கு ஆமோ ஆகாதோ என்று மதித்தல் என்னும் இவற்றின்கண் அது தொழிற்படுகின்றது. சுருங்கக் கூறின், யான் எனது என்னும் கதையை ஓயாது எழுதும் எழுத்தன் அவன். எனினும் இதனையும் அளவறிந்தே கொள்ளவேண்டும். 2007இல் மயக்கமருந்து கொடுக்கப்பட்ட குரங்குகளிடத்தும் இத்தகைய இசைந்த ஏற்றிறக்கம் காணப்பட்டது. ஆகவே வலை உளதென்பதனால் அங்கே நினைவு நிகழ்கின்றதெனத் துணிதல் ஆகாது.

மனிதர் எத்துணைப் பொழுது இவ்வாறு அலைகின்றனர்? 2010ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் இருவர், 2,250 பேரைக் கைப்பேசி வாயிலாக நாளின் பல வேளைகளில் வினவி, விடைகளுள் நூற்றுக்கு 46.9 பங்கில் உள்ளம் செய்யும் வேலையில் இல்லாது பிறிதொன்றிற் சென்றிருந்ததெனக் கண்டனர். அங்ஙனம் சென்றிருந்த பொழுதுகளில் மகிழ்ச்சி குறைந்திருந்தது. இனிய பொருள்களை எண்ணி அலைந்தவர்களும் வேலையில் நின்றவரினும் மகிழ்ச்சி மிக்கிருந்திலர்.

சித்தாந்த நூல்களைச் சிறிது பயின்றார்க்கு இச்செய்தி வியப்பளியாது. அந்தக்கரணங்கள் நான்கனுள், சித்தம் சிந்திக்கும்; மனம் பற்றி ஐயுறும்; அகங்காரம் யான் என்று எழும்; புத்தி இன்னதெனத் துணியும். புறப்பொறிகள் அடங்கினும் இவை அடங்கா. நனவில் 35 கருவிகள் தொழிற்படுமென்றும், கனவில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் நீங்க 25 நிற்குமென்றும், சுழுத்தியிற் சித்தம், பிராணன், புருடன் என மூன்றே எஞ்சுமென்றும் நம் நூல்கள் கணக்கிடும். கண்ணைத் திறந்துகொண்டே திண்ணையில் அமர்ந்து பகற்கனவு காண்பான் நனவிற் கனவு உடையவன். அவன் தன்னை ஓய்ந்திருப்பவன் என்று கருதுவன். கருவிகளின் கணக்கை நோக்குவார்க்கோ அவன் ஓய்ந்தவனல்லன். வலையின் பகுதி இது, கரணத்தின் பகுதி இது என்று ஒன்றுக்கொன்று நேர் பொருத்துதல் எமக்கு உடன்பாடன்று. கரணங்கள் தத்துவங்கள், மூளையோ பூதகாரியமாகிய தூலவுடலின் ஓருறுப்பு. ஆயினும், புறத்தொழில் நின்ற இடத்து யான் என்னும் எழுச்சி ஓங்குகின்றதென்னும் அளவில் இரு திறத்தாரும் ஒன்றையே சுட்டுகின்றனர்.

இனி, புதுவது புனையும் ஆற்றலுக்கும் இவ்வோய்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வாம். பிரெஞ்சு நாட்டுக் கணித வல்லுநர் ஹென்றி புவான்காரே தமக்கு நேர்ந்ததனை 1908இல் பாரிஸ் நகரத்தில் எடுத்துரைத்தனர். பதினைந்து நாள் ஒரு கணிதப் பொருளோடு மல்லாடினர். ஓரிரவு காப்பி பருகி உறக்கம் வாராது கிடக்க, எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்து, விடியுமுன் அதன் ஒரு பகுதி விளங்கிற்று. பின்னர் நிலவியல் ஆய்வாளரோடு வெளியூர் சென்றார், கணிதம் மறந்துபோயிற்று. கூத்தான்ஸ் என்னும் ஊரில் வண்டியின் படியிற் காலெடுத்து வைத்த அக்கணத்தே, தேடாதிருந்த விடை முழுதும் உள்ளத்திற் பளிச்சென்று தோன்றிற்று. வண்டியில் அமர்ந்து முன்தொடங்கிய பேச்சையே தொடர்ந்தனர். ஊர் திரும்பிய பின்னரே அவ்விடையை முறைப்படி சரிபார்த்தனர். இங்கிலாந்து நாட்டுக் கிரஹாம் வாலஸ் என்பார் 1926இல் இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, முயற்சி, உள்ளுறைவு, விளக்கம், சோதனை என நான்கு படிகளாக வகுத்தனர்.

பாலைத் தயிராக்குவார் செய்வதும் இதுவே. பாலைக் காய்ச்சுவர், பதமறிந்து ஆற்றுவர், உறைமோர் இடுவர், பின் அசையாது வைத்துவிடுவர். இடையிடையே கலக்கிப் பார்ப்பவன் தயிரைக் காணான். ஆயினும் உறையிடாத பாலை எத்துணை அமைதியாக வைத்தாலும் அது தயிராகாது, கெடும். ஓய்விருந்தாற் புலமை உண்டாகும் என்று இக்காலத்துப் பலர் எழுதுவது உறையிடாத பாலைப் பானையில் வைத்துக் காத்திருப்பதை ஒக்கும். புவான்காரேயும் முன்முயற்சியில்லாத இடத்து இவ்விளக்கம் வாராதென்றே அறுதியிட்டனர். இக்காலச் சோதனைகளின் நிலை என்னவெனின், 2009இல் 117 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தவர்கள் இடையில் விட்டுவைத்தலால் நன்மை உண்டெனக் கண்டனர். 2012இல் ஒரு கூட்டத்தார், உள்ளம் அலைய இடந்தரும் எளிய வேலையே சிறந்ததெனக் கூறினர். அதனை மீண்டும் சோதித்த பிறர்க்கு அப்பயன் தெளிவாகக் கிட்டிலது. ஆதலின் உள்ளத்தை அலையவிடுதலே புலமைக்கு வாயிலென்று இன்று துணிந்து கூறுவார் மிகைபடக் கூறுவாராவர்.

2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓராராய்ச்சி இன்னுஞ் சிறந்த குறிப்பைத் தருகின்றது. 163 பேரிடம், நாடோறும் வழங்கும் ஒரு பொருளுக்குப் புதிய பயன்களை எண்ணுமாறு கூறி மூளையைப் படமெடுத்தனர். புதுமையாக எண்ணவல்லாரிடத்து இயல்புநிலை வலையும், முயன்று ஆளும் வலையும், இன்னது தக்கது எனத் தெரிந்தெடுக்கும் வலையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருந்தன. முதலிரண்டும் பொதுவாக ஒன்று ஏற ஒன்று இறங்கும் இயல்பின. புனையும் வன்மையுடையாரிடத்தே அவை ஒருங்கே நிற்கின்றன. எனவே புலமைக்குக் காரணம் வெற்றோய்வு அன்று. அலையும் எண்ணத்தைக் கடிவாளமிட்டு ஊர்தலேயாம்.

நம் நாட்டுக் கணிதமேதை இராமாநுசன் (1887-1920) நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினரெனக் கூறிவந்தது யாவரும் அறிந்ததே. அவர் பள்ளிப் பருவத்தே ஆங்கிலக் கணிதத் தொகுப்பொன்றிலுள்ள ஆயிரக்கணக்கான தேற்றங்களைக் கற்பலகையில் எழுதியெழுதி முழங்கையால் அழித்து உழைத்தவர் என்பதனை மட்டும் பலர் சொல்லாது விடுகின்றனர். 1913ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் ஹார்டி என்னும் கேம்பிரிட்ஜ் கணித வல்லுநருக்கு விடுத்த கடிதத்தில் அரிய மெய்ம்மைகளோடு, பகா எண்களைப் பற்றிய தவறான முடிபுகளும் இருந்தன. அவற்றின் பிழையைச் சோதனையே காட்டிற்று. இதனைக் கூறுவது அப்பெருமகனார் பெருமையைக் குறைத்தற்கன்று. உள்ளத்தில் ஒளியோடு எழுந்ததென்னும் ஒன்றே ஒரு செய்தி மெய்யென்பதற்குச் சான்றாகாது என்பதற்கே. சித்தாந்தம் இவ்வகை விளக்கங்களையெல்லாம் பாசஞானமென்றும் பசுஞானமென்றும் பிரித்து வைக்கும். நூலறிவும் கரண அறிவும் பாசஞானம். அவற்றினின்றும் நீங்கித் தன்னையே பெரிதாகக் காணும் உயிரின் அறிவு பசுஞானம். இரண்டும் இகழத்தக்கன அல்ல. ஆயினும் பதிஞானம் இவற்றின் முதிர்ச்சியன்று, வேறு. படியிற் காலெடுத்து வைக்கையிற் கணிதம் விளங்கினாற்போலச் சிவமும் ஒருநாள் விளங்கும் என்று எண்ணுவார், இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியை அறிந்திலர்.

அநுபவத்தைப் பற்றிய சோதனைகளுக்கு வருவாம். 1961இல் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் என்னும் மூவர் யோகியர் சிலருடைய மின்னலைகளை வரைந்தனர். அவர்கள் சமாதியிலிருக்கும்பொழுது வலிய ஒளி, பேரொலி, வெப்பமூட்டிய கண்ணாடிக்குழாயின் தீண்டல் என்னும் இவற்றால் அந்தப் பத்தலை ஒழுங்கு கலைந்திலது. சமாதி நீங்கியபொழுது அவையே அதனைக் கலைத்தன. வேறு இருவர் 4 பாகைக் குளிர்நீரிற் கையை 45 முதல் 55 நிமிடம்வரை அமிழ்த்தியிருந்தும் அலை மாறவில்லை. 2006இல் கானடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்தார் 15 கார்மெல் சபைக் கன்னியரை, தாம் கடவுளோடு ஒன்றிய பழைய அநுபவத்தை நினைவுகூருமாறு வேண்டிப் படமெடுத்தனர். கடவுளுக்கென ஒரு தனியிடம் மூளையில் இல்லை, பல இடங்கள் ஒருங்கு தொழிற்படுகின்றன என்பதே கண்ட முடிபு. 2011இல் யேல் பல்கலைக்கழகத்தார், தியானத்திற் பன்னாள் பழகினாரிடத்து இயல்புநிலை வலையின் முதன்மையான இடங்கள் பழகாதாரினும் அடங்கியிருத்தலைக் கண்டனர்.

எம்மிடம் வந்த அன்பரிருவரும் பற்றியது இக்கடைசிச் செய்தியையே. இதன்கண் மூன்று தடைகள் உள.

வலை அடங்குதலே அநுபவம் எனின், கணக்கெழுதுவானுக்கும் அது அடங்குகின்றது. அவ்வலை கண்டறியப்பட்டதே ஏதேனும் ஒரு வேலை செய்யுங்கால் அடங்கும் இயல்பினால் அன்றோ? மண்டிக் கடையில் வரவு செலவு கூட்டும் எழுத்தரைச் சீவன்முத்தர் என யாரும் வணங்குவதில்லை. வேறு வேலைகளில் அடங்குவதினும் தியானத்தில் மிகுதியாக அடங்குகின்றதென 2015இல் ஓராய்வு காட்டியதாலெனின், அது மிகுதியைக் காட்டிற்றேயன்றிப் பொருளைக் காட்டிற்றிலது. இரண்டாவது, சிலவகைக் காளானிற் கிடைக்கும் மயக்கப் பொருளை நரம்பிற் செலுத்தினாலும் அவ்விடங்களே அடங்குகின்றன என 2012இல் இலண்டன் நகரத்தார் கண்டனர். ஒரே குறி, கணக்கினாலும் காளானாலும் தவத்தினாலும் உண்டாகுமாயின், அக்குறி கொண்டு தவத்தின் பொருளை அளத்தல் யாங்ஙனம்? மூன்றாவது, படக்கருவி தானும் பிழைபடும். 2009இல் அமெரிக்க நாட்டார் சிலர் இறந்துபோன ஒரு மீனைக் கருவியில் வைத்து, அதற்கு மனிதர் படங்களைக் காட்டிப் படமெடுத்தனர். பல்லாயிரம் புள்ளிகளை ஒருங்கே சோதிக்குங்கால் செய்யவேண்டிய கணிதத் திருத்தத்தைச் செய்யாதொழிந்தால், செத்த மீனும் படங்கண்டு எண்ணுவதாகவே கருவி கூறும் என்று அவர்கள் காட்டினர். சிரிப்புக்கிடமான இச்சோதனை பல ஆராய்ச்சியாளரைத் திருத்திற்று.

அற்றேல், மூளை மாறும்பொழுது அநுபவமும் மாறுதலின் மூளையே அநுபவிப்பது என்று முதலன்பர் கூறுவர். கண்ணிற் படலம் மூடினாற் காட்சி மாறுகின்றது. அதனாற் கண்ணே காண்பது எனலாமோ? அது கருவி என்பதற்கும் அதுவே கர்த்தா என்பதற்கும் அச்சான்று ஒருபடித்தாகவே பொருந்தும். ஆகவே அதுகொண்டு உயிரை மறுத்தலும் இயலாது, நாட்டலும் இயலாது. சிவஞானபோதம் நான்காம் சூத்திரம், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்றும், மலமறைப்பாற் சுயமாக விளங்காது, அமைச்சரோடு கூடிய அரசன் போல அவற்றோடு கூடி ஐந்து அவத்தைப்படும் என்றும் கூறும். அது கருவியாற் கண்டு கூறியதன்று, கருவியாற் கெடுவதுமன்று. பெர்கர் அலையைக் கண்டாரேயன்றி உள்ளத்தைக் கண்டிலர் என மேலே கூறியது இதற்கே. இரண்டாம் அன்பர் மகிழ்ச்சியும் இதனால் அடங்குதல் வேண்டும். படக்கருவியை இன்று நமக்குச் சாட்சியாக அழைத்தால், நாளை அது மாற்றிக் கூறும்பொழுது அதனை மறுக்கும் உரிமை நமக்கில்லாமற் போம்.

பயில்வார்க்கு இன்றியமையாத ஒன்று எஞ்சியுள்ளது. ஓய்வு என்று பொதுப்படக் கூறுவதன்கண் மூன்று வேறு நிலைகள் மறைந்துள்ளன. கண்மூடி அமர்ந்து வீட்டுக்கதை எண்ணுதல் ஒன்று. அது சகலத்தின்பாற்படும். எண்ணமும் அற்று, இனிய வெறுமையில் ஆழ்ந்து, நேரம் போனது அறியாமல் எழுதல் ஒன்று. பலர் இதனையே பெரும்பேறாகக் கருதி வந்து எம்மிடம் கூறுவதுண்டு. கரணங்கள் ஒடுங்கின, விளக்கம் எழவில்லை என்றால் அது கேவலத்தின் சாயல், சுழுத்திக்கு உறவு. ஆணவ இருள் ஒன்றும் தோன்றாதபடி மறைப்பதையே அமைதி என்று கொள்வது பெரியதோர் ஏமாற்றம். கேவலத்தினின்றும் சகலத்துக்கு இறைவன் உயிரைக் கொண்டுவந்ததே அருளால் என்று கூறும் நம் நூல்கள், மீண்டும் அங்கே சென்று கிடத்தலை வீடுபேறு என எங்கும் கூறவில்லை.

மூன்றாவதே சுத்தம். இதற்கும் ஏனையவற்றுக்கும் வேறுபாடு சார்பினால் அமைவது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது; ஒன்றையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இல்லை. உலகை விட்டுச் சிவத்தையும் பற்றாவிடின், அது இருளையே பற்றியதாகும். ஆகலானே ஒன்பதாம் சூத்திரம், உள்ளத்தை வெறுமையாக்குக என்னாது ஐந்தெழுத்தை விதிப்படி எண்ணுக என்றது. சும்மா இருத்தல் என்பதனைச் சோம்பியிருத்தல் என்றும் வெறிதாயிருத்தல் என்றும் பொருள்கொள்வார், தன்செயல் அற்று அவன்செயலாய் நிற்றல் என்னும் அதன் பொருளை விட்டனர். இதனைத் தம்மிடத்தே சோதித்தறிய விரும்புவார் பூசையில் எழும் இன்பத்தை அளவாகக் கொள்ளற்க. பூசை முடிந்து எழுந்த அரைநாழிகையில், பால்காரன் தண்ணீர் கலந்தான் என்று தெரியும்பொழுது யான் எனது என்பது எத்துணை விரைவில் எழுகின்றதென நோக்குக. புவான்காரே ஊர் திரும்பிச் செய்த சோதனை போல்வது இது. எமக்கு இச்சோதனையிற் பெரும்பாலும் தோல்வியே.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் மூன்றாவதோர் அன்பர் கேட்ட கேள்வி, முன்னிருவர் கேள்வியினும் எம்மை வருத்தியது. "ஐம்பதாண்டு ஐந்தெழுத்தோதிய என் தந்தையார் இன்று என் பெயரையும் அறிந்திலர், பூசைமுறை முழுதும் மறந்தனர். நினைவழிந்தபின் அவர் செய்த தவம் என்னாயிற்று?" என்றார். முதுமையில் நினைவழிக்கும் அந்நோயில், மூளையிற் படியும் கேடான புரதம் இயல்புநிலை வலையின் இடங்களிலேயே முற்படப் படிகின்றதென ஆய்வாளர் கண்டுள்ளனர். யான் இன்னான், இவன் என் மகன் என்னும் கதையை எழுதுகின்ற எழுத்தன் கையே முதலில் தளர்கின்றது. அநுபவம் மூளையினது என்பார்க்கு இங்கே விடையில்லை. எல்லாம் அழிந்ததென்றே கூறவேண்டும். சித்தாந்தம் கூறும் விடை வேறு. நினைத்தல் சித்தத்தின் தொழில், சித்தம் கருவி. கருவியின் வாயிலாகச் செய்த தவம் உயிரைச் சாருமன்றிக் கருவியோடு கழியாது. மேலும், உயிர் இறைவனை நினைப்பதனால் அவன் உளனாகின்றானல்லன். உயிர் மறந்த கேவலத்தும் அவன் உடனாய் நின்றவன். மகனை மறந்த தந்தையைக் கையில் ஏந்தி நிற்பவன் மகன். அங்ஙனமே இறைவனும் என்க. இதனைப் படக்கருவி காட்டுமென நாம் கூறவில்லை. நூலும் ஆசிரியரும் கூறியதனைக் கூறினோம்.

நாடோறும் காலையில் தந்தையார் நெற்றியில் திருநீறிட்டு, செவியருகே ஐந்தெழுத்தை மெல்ல ஓதுமாறு அவ்வன்பரிடங் கூறினோம். நினைவழிந்த முதியோர் பலர், இளமையிற் பழகிய பாட்டொலி கேட்டவழி உடன் வாயசைத்தலை மருத்துவரும் உடனுறைவோரும் கண்டுள்ளனர். சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார். தந்தையார் ஓதினரா என்று வினவினோம். "ஓதவில்லை, ஆனால் நீற்றுக் கிண்ணத்தைக் கண்டவுடன் நெற்றியை முன்னே நீட்டுகின்றனர்" என்றார்.